கன்ட்ரியும் சோலும் அந்நியர்கள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கன்ட்ரி பாடகர்களும் கறுப்பினச் சோல், புளூஸ் பாடகர்களும் ஜோடியாகப் பாடி 1994-இல் வெளிவந்த 'ரிதம், கன்ட்ரி அண்ட் புளூஸ்' ஆல்பத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க வெள்ளையர்களின் கிராமிய இசை என்று பெயரெடுத்த கன்ட்ரி, கறுப்பர்களின் இசை என்று பெயரெடுத்த சோல் என்று ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு இசைகளைக் காசுக்காக ஒரே மைக்கின் முன் நிறுத்திவிட்டார்கள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். ஒரு வரிதான். ஆனால் அதைத் தாண்டி மேலே படிக்க எனக்கு மனம் வரவில்லை. அச்சுக்குப் போகுமுன் இந்த வரி தங்கள் கண்ணில் படவில்லையா?

அந்த ஆல்பத்தில் சோல் பாடகர் சாம் மூரும் கன்ட்ரி பாடகர் கான்வே ட்விட்டியும் பாடும் 'ரெய்னி நைட் இன் ஜார்ஜியா' யார் பாட்டு? எழுதியவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து டோனி ஜோ வைட், வெள்ளையர். 1970-இல் அதை உலகம் கேட்கப் பாடியவர் புரூக் பெண்டன், கறுப்பினத்தவர். சோல் பாடகர் ஆல் கிரீனும் கன்ட்ரி பாடகர் லைல் லவெட்டும் பாடுவது கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் எழுதியது. அதை ஆல் கிரீன் 1973-லேயே தன் ஆல்பத்தில் பாடிவிட்டார். கறுப்பினப் பாடகிகளான பாயின்ட்டர் சகோதரிகளைக் கன்ட்ரிக்கு வந்த விருந்தாளிகள்போலக் காட்டுகிறது கட்டுரை. தாங்களே எழுதிய 'ஃபேரிடேல்' பாட்டுக்காக 1975-இல் கன்ட்ரி பிரிவில் கிராமி வாங்கியவர்கள் அவர்கள். இந்த ஆல்பத்துக்கு ஏறக்குறைய இருபது வருடம் முன்பு!

யாரோ சேர்த்துவைத்ததாக எழுதுகிறார்களே, முதலில் பிரித்தது யார்? 1920-களில் அமெரிக்கத் தென்மாநிலப் பாட்டைப் பதிவுசெய்த கம்பெனிகள்தான் கறுப்பர்களுக்கு விற்க 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்றும், வெள்ளையர்களுக்கு விற்க 'ஹில்பில்லி' என்றும் இரண்டு பட்டியல் போட்டன. பாடியவர்கள் ஒரே மண்ணில் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டு வளர்ந்தவர்கள். கன்ட்ரி நட்சத்திரம் ஹேங்க் வில்லியம்ஸுக்குச் சிறுவயதில் கிடார் சொல்லிக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர். கன்ட்ரி முன்னோடி ஜிம்மி ராஜர்ஸின் 'புளூ யோடல் எண் 9'-இல் டிரம்பெட் வாசித்தவர் கறுப்பின ஜாஸ் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங். 1930-இல் பதிவான அந்தத் தட்டின் லேபிளில் அவர் பெயரே இல்லை. இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. அறிந்தும் விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

நான் பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவன். எங்கள் வரிசையில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அதிகம். கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டுக்கு வீடு கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ்தான். அந்தத் தட்டை எடுத்துவிட்டு அதே பிளேயரில் கறுப்பினச் சோல் பாடகர் ரே சார்ல்ஸின் 'ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ'வை வைப்பார்கள். அது டான் கிப்சன் என்ற கன்ட்ரி பாடகர் எழுதியது என்று எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டு அங்கிள், இன்ஜின் டிரைவராக இருந்தவர். வேறு சாதி இசை என்று அங்கே யாரும் ஒதுக்கிவைக்கவில்லை. பின்னால் நான் ஒரு குழுவில் கிடார் வாசித்தேன். இரண்டு வகைப் பாட்டுக்கும் கிடாரில் பிடிக்கிற கார்டுகள் (சுரக்கூட்டுகள்) பெரும்பாலும் அவையேதான். தாளத்தில் அழுத்தம் விழும் இடம் மாறும், பாடுகிறவர் சொல்லை இழுக்கிற விதம் மாறும், அவ்வளவுதான். ஒருமுறை ஒரு கிளப்பில், இது கன்ட்ரி நிகழ்ச்சி, ரே சார்ல்ஸ் வேண்டாம் என்று எங்களைத் தடுத்தார்கள். அந்த மனிதர் 1962-இல் கன்ட்ரி பாடல்களாலேயே ஓர் ஆல்பம் போட்டவர் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அன்று பட்ட அவமானத்தை உங்கள் கட்டுரை மறுபடி கிளறிவிட்டது.

காசுக்காகத்தான் என்கிறார் கட்டுரையாளர். எந்தக் கம்பெனி காசுக்காக இல்லாமல் தட்டுப் போட்டது? அந்த ஆல்பத்தில் கன்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸும் புளூஸ் பாடகர் பி. பி. கிங்கும் 'பேச்சஸ்' பாடுகிறார்களே, அப்பாவை இழந்த ஏழை விவசாயி மகனின் கதையை. அதை ஒருமுறை கேட்டுவிட்டு இப்படி எழுத முடியுமா?

இது முதல் தடவையும் அல்ல. 2020 டிசம்பரில் சார்லி பிரைட் மறைந்தார். 1971-இலேயே கன்ட்ரி இசைச் சங்கத்தின் மிக உயர்ந்த விருதைப் பெற்ற கறுப்பினப் பாடகர். உங்கள் இதழில் ஒரு பெட்டிச் செய்திகூட இல்லை. எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. பிறகு ரே சார்ல்ஸ் பற்றிப் பெரிய கட்டுரை போட்டீர்கள். அதில் 1962-ஆம் வருட ஆல்பத்தின் பெயரே கிடையாது. அதைச் சுட்டிக்காட்டி நான் எழுதிய கடிதத்தில் பாராட்டிய நான்கு வரியை மட்டும் போட்டுவிட்டு, கேள்விகளை வெட்டிவிட்டீர்கள். அதைப் படித்த நண்பர்கள், கட்டுரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

கட்டுரையோடு வந்த படத்திலும் பிழை இருக்கிறது. இடப்பக்கம் இருப்பவர் சாம் மூர், வலப்பக்கம் கான்வே ட்விட்டி. பெயர்கள் மாறியிருக்கின்றன. ட்விட்டி அந்த ஆல்பம் வெளிவருமுன்பே, 1993 ஜூனில் இறந்துவிட்டார். மூர் 2025 ஜனவரியில் போனார். திருத்திக் கேட்க இருவரும் இல்லை. அடுத்த இதழில் படத்தின் பெயர்களை மட்டுமாவது திருத்திப் போடுங்கள். இந்தக் கடிதத்தை வெளியிடுவதானால் முழுதாக வெளியிடுங்கள். இடம் இல்லையென்றால் வெளியிடவே வேண்டாம்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
பொன்மலை, திருச்சி.