ஜன்னலுக்கு வெளியே ஒரு மலைத்தொடர்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. அப்பா இப்போது தானாக எழுந்து உட்காருகிறார் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ இரவில் தூங்குகிறாயா என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது.

இங்கே வீடு மாறி ஓரளவு ஒழுங்குக்கு வந்துவிட்டோம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மலையேற்றம் இனி வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் புது வீட்டின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் மலைத்தொடர் முழுவதும் தெரிகிறது. வேலைக்குக் கிளம்பும் முன்னும் வந்த பின்னும் அங்கேதான் நிற்கிறேன்.

வெயில் சாய்வாக விழும் காலையிலும் மாலையிலும்தான் மலையின் மடிப்புகளும், ஓடை இறங்கும் பள்ளங்களும் நிழலோடு எழுந்து வருகின்றன. உச்சிவெயிலில் அதே மலை தட்டையாகிவிடும். அருகில் உள்ள முகடு கரும்பச்சை, அதற்குப் பின்னால் நீலம், கடைசி முகடு வானத்தோடு கலந்த வெளிர்நீலம். அங்கேயும் மரங்கள் பச்சைதான். நடுவில் இருக்கும் காற்று நீல ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகிறது. தூரம் கூடக் கூட அந்த நீலமும் கூடுகிறது. காரணம் தெரிந்த பிறகு எனக்கு அது இன்னும் அழகாகிவிட்டது. தூரத்தையே கண்ணால் பார்க்கிறோம், இல்லையா! பிரெஞ்சு ஓவியர் செசான், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரமே உள்ள சென்ட் விக்டுவார் மலையை, 1906-இல் இறக்கும் காலம்வரை மறுபடி மறுபடி வரைந்தார். ஒரே மலையில் அவருக்கு அப்படி என்ன கிடைத்தது என்பது இப்போது புரிகிறது.

ஏற முடியாதது வருத்தமில்லையா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் 8,586 மீட்டர் உயரக் கஞ்சன்ஜங்காவை 1955-இல் முதன்முதலில் எட்டியவர்கள், அந்த மலையைப் புனிதமாகக் கருதும் மக்களுக்குக் கொடுத்த வாக்கின்படி, உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டார்கள். அதை நினைத்தால் மனம் சமாதானமாகிறது.

'மலை மாதிரி அசையாமல் இரு' என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டாலே அழுகை வருகிறது என்று எழுதியிருந்தாய். அவர்கள் மலையைச் சரியாகப் பார்க்கவில்லை. இமயத்தையே எடுத்துக்கொள். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதியது. அந்த அழுத்தம் இன்னும் ஓயவில்லை. எவரெஸ்ட் உச்சியில் இருக்கும் சுண்ணாம்புக்கல் ஒரு காலத்தில் கடலடியில் படிந்தது. இன்றும் அந்தத் தொடர் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்கிறது. மழையும் பனியாறுகளும் அதை அரித்துக்கொண்டும் இருக்கின்றன. அசைந்துகொண்டும் தேய்ந்துகொண்டும்தான் அது அவ்வளவு உயரத்தில் நிற்கிறது. நீ ராத்திரி தனியாக அழுதுவிட்டுக் காலையில் அப்பாவுக்கு முகம் துடைத்துவிடுகிறாயே, அதைப் பலவீனம் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

அம்மா போன பிறகுதான் இந்த வீட்டுக்கு வந்தோம், உனக்குத் தெரியும். மலை எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. என்னிடம் எதையும் கேட்கவும் இல்லை. பதில் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லாத ஒன்றின் முன்னால் நிற்பது அந்த நாட்களில் பெரிய ஓய்வாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவும், பேசவும், வேலைக்குத் திரும்பவும் தெம்பு வந்தது. எல்லோருக்கும் இப்படி ஆகுமா என்று சொல்லத் தெரியவில்லை. உனக்கு ஆகும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், தம்பியை ஒரு வாரம் அப்பாவோடு இருக்கச் சொல். கேட்கத் தயங்காதே, அவனுக்கும் அப்பாதானே. மழை ஓய்ந்த மறுநாள் காற்றில் தூசி அடங்கி, கடைசி முகடுவரை துல்லியமாகத் தெரியும். அந்தச் சமயமாகப் பார்த்து வா. எந்த வாரம் தோதுப்படும் என்று எழுது. நான் இப்போதே விடுப்புக்குச் சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி