ரோசிக்காக ஓடி வந்த எல்லோருக்கும் நன்றி

இங்கிலாந்தில் எங்கள் லாயத்துக்கு லாடம் அடிக்க வரும் பெரியவருக்குத்தான் முதல் நன்றி. ரோசி வெல்ஷ் மட்டக்குதிரை, வயது 21. மே மாதம் மற்ற குதிரைகள் குளிர்கால முடியை உதிர்த்துவிட்டு மினுமினுவென்று நிற்க, இவள் மட்டும் செம்மறியாடு மாதிரி சுருட்டை முடியோடு வியர்த்துக்கொண்டிருந்தாள், முதுகுச் சதை வற்றி வயிறு தொங்கியது, தண்ணீர்த் தொட்டியை வேறு அடிக்கடி காலி செய்தாள். பார்த்தவர்கள் எல்லாம் வயசாச்சு என்றார்கள். இவர்தான் செப்டம்பரில் குளம்பைச் சீவிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, அடிப்பக்க விளிம்பில் கசிந்து உறைந்திருந்த ரத்தக் கறையைக் காட்டினார். குளம்பின் மேல் ஓடும் வளையங்கள் முன்பக்கம் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் அகன்றும் இருந்தன. குளம்பு உள்ளுக்குள் பல மாதமாகப் புண்பட்டிருக்கிறது என்று அர்த்தமாம். கண்ணுக்கு மேலே குழி விழ வேண்டிய வயதில் கொழுப்பு புடைத்திருப்பதையும் தொட்டுக் காட்டி, "இன்னைக்கே டாக்டரைக் கூப்பிடு" என்றார்.

டாக்டரம்மா வந்து ரத்தம் எடுத்து, குழாயைக் குளிரில் வைத்து அன்றே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி விடும் ஏசிடிஹெச் என்ற ஹார்மோனின் அளவு இலையுதிர்காலத்தில் நல்ல குதிரைக்கே ஏறும், அதனால் செப்டம்பருக்கான வரம்போடுதான் ஒப்பிட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அந்த வரம்பையும் ரோசி வெகுவாகத் தாண்டியிருந்தாள். குஷிங் நோய். மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்புகள் தேய்ந்துபோக, பிட்யூட்டரியின் நடுப்பகுதிக்குக் கடிவாளம் இல்லாமல் போய் அந்த ஹார்மோனை அளவில்லாமல் கொட்டுகிறது. 15 வயது தாண்டிய குதிரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு வரும் நோய் இது, வயசு என்று ஒதுக்குவது எவ்வளவு ஆபத்து! கையோடு இன்சுலினையும் பார்க்கச் சொன்னதற்கு அவருக்குத் தனி நன்றி, ரத்தத்தில் அது ஏறினால் குளம்பைப் படுத்தும் பெரிய எதிரி அதுதான்.

மருந்து பெர்கோலைடு, ஒரு காலத்தில் மனிதர்களின் பார்க்கின்சன் நோய்க்குக் கொடுத்தது. ரோசி 250 கிலோ, அதனால் 1 மில்லிகிராம் மாத்திரையில் தினம் பாதி. நோய் குணமாகாது, ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் அவள் தீனியைத் தொடாமல் நின்றபோது நான் ஆடிப்போய்விட்டேன். நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் படித்த தம்பி, நடுராத்திரியில் போனை எடுத்து, இந்த மருந்துக்குப் பசி மந்தமாவது உண்டுதான் அண்ணா, காலையில் அவங்க டாக்டரையே கேளுங்க என்று தைரியம் சொன்னாயே, மறக்க மாட்டேன். டாக்டரம்மா மருந்தை இரண்டு மூன்று நாள் நிறுத்தி, அளவைக் குறைத்துத் திரும்பத் தொடங்கியதும் சரியாகிவிட்டது.

பக்கத்து லாயத்து அக்காக்கள் இருவரும் குளிர் காலம் பூராவும் எனக்கு முன்னாடியே வந்து, காய்ந்த புல்லில் இருக்கும் சர்க்கரை இறங்கட்டும் என்று அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு வைத்தார்கள். அந்தத் தண்ணீரில் கை விறைத்துவிடும். முடியைக் கத்தரித்துவிட்டதும் அவர்கள்தான்.

இப்போது ரோசி சரளைக்கல் பாதையில் தயங்காமல் நடக்கிறாள். குளம்பின் மேலிருந்து வளையமில்லாத புதுச் சுவர் இறங்கிக்கொண்டிருக்கிறது, முழுசாக வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். அடுத்த ரத்தப் பரிசோதனை இலையுதிர்காலத்தில், முடிவு வந்ததும் உங்கள் எல்லோருக்கும் முதலில் சொல்கிறேன்.