புத்தகம் முடிந்தது, கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொன் போஸ்கோ என்ற இத்தாலியக் குரு தொடங்கிய கத்தோலிக்கத் துறவற சபையான சலேசிய சபையின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாக எழுதி முடித்துவிட்டேன். அட்டையில் என் பெயர் மட்டும் இருப்பது மனதுக்கு உறுத்தலாக இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, இத்தாலிய மொழி தெரிந்த அந்த முதிய ஃபாதருக்கு. டூரின் நகரில் 1852 பிப்ரவரி 8 அன்று எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தத்தின் நகலை மேசைமேல் விரித்து, பூதக்கண்ணாடி வைத்து, வரி வரியாகத் தமிழில் சொன்னார். தச்சுவேலை கற்கப்போன ஒரு பையனுக்காகத் தொன் போஸ்கோ முன்நின்று போட்ட ஒப்பந்தம் அது. பையனை வாய்ச்சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும். தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை வாங்கக் கூடாது. ஞாயிறும் திருநாளும் அவனுக்கு ஓய்வு. கீழே பட்டறைக்காரர், பையன், அவன் அப்பா, தொன் போஸ்கோ என்று கையெழுத்துகள். படித்து முடித்ததும் ஃபாதர் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. நானும்தான்.

எனக்கு ஃபிட்டர் வேலை கற்றுத்தந்த பிரதர் அப்போது நினைவுக்கு வந்தார். அவர் இன்று இல்லை, ஆனாலும் இந்த நன்றி அவருக்கும்தான். நான் ராவிய இரும்புத் துண்டை மூலைமட்டத்தோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் "இன்னும் கொஞ்சம், தம்பி" என்று திருப்பித் தருவார். ஒருநாளும் கை ஓங்கியதில்லை. அந்த ஒப்பந்தத்து வரி எங்கள் பட்டறை வரைக்கும் வந்திருக்கிறது, எனக்குத்தான் அது அப்போது தெரியவில்லை.

முதல் வரைவைப் படித்த சிஸ்டர், "மரிய மசரெல்லோ எங்கேப்பா?" என்று கேட்டார். 1859 டிசம்பர் 18 அன்று தொன் போஸ்கோவின் அறையில் பதினெட்டுப் பேர் கூடிச் சபையைத் தொடங்கியது, அவர்களில் ஒருவரான கலியேரோ 1875-இல் முதல் மறைபரப்புக் குழுவோடு அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறியது எல்லாம் விரிவாக எழுதியிருந்தேன். 1872-இல் இத்தாலியின் மொர்னேசே ஊரில் தொன் போஸ்கோவோடு சேர்ந்து மரிய மசரெல்லோ தொடங்கிய சகோதரிகள் சபைக்கு ஒரே ஒரு வரி. அது பெரிய குறை. இப்போது அவர்களுக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது, சிஸ்டரின் புண்ணியம்.

அப்புறம் தஞ்சாவூர் நண்பர்கள். மயிலாப்பூர் ஆயர் அழைத்து, தொமாத்திஸ் அடிகளாரின் தலைமையில் 1906 ஜனவரி 14 அன்று சலேசியர்கள் வந்திறங்கிய ஊர் அது. அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தில்தான் அவர்கள் பணி ஆரம்பித்தது. இரண்டு நாள் வெயிலில் என்னோடு அலைந்தீர்கள். அங்கே பங்குத்தந்தையாக இருந்த மெதர்லே அடிகளார் 1928-இல் சென்னைப் பேராயரானதை நீங்கள் சொல்லித்தான் கவனித்தேன்.

அச்சுச் செலவைப் பகிர்ந்துகொண்ட பழைய மாணவர்களே, உங்கள் பெயர்களைப் போட வேண்டாம் என்றீர்கள். சரி, போடவில்லை.

முதல் பிரதியை ஃபாதரிடம்தான் கொண்டுபோகிறேன். பூதக்கண்ணாடி இல்லாமலே அவர் படிக்கட்டும் என்று ஒப்பந்தப் பக்கத்தை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லியிருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் பழைய மாணவன்