கலவரச் சட்டமும் கோபக்கார அரசரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பின் ஆங்கிலப் பகுதியில் 'ரீட் தி ரயட் ஆக்ட்' ('கலவரச் சட்டத்தைப் படி') என்ற தொடருக்கு விளக்கம் வந்திருந்தது. கடுமையாகக் கண்டித்து எச்சரிப்பது என்ற பொருளில் குற்றமில்லை. அது பிறந்த கதைதான் தாங்கவில்லை. கோபக்கார அரசர் ஒருவர் அமைச்சர்களை நிற்கவைத்துச் சட்டத்தை உரக்கப் படித்துக் காட்டினாராம். எந்த அரசர், எந்த ஆண்டு என்று எழுத இடம் போதவில்லை போலும். பக்கத்திலேயே நகைக்கடை விளம்பரத்துக்கு அரைப்பக்கம் கிடைத்திருக்கிறது.

தாங்கள் அறியாததல்ல. முதலாம் ஜார்ஜ் பட்டமேறிய புதிதில் ஊருக்கு ஊர் கலகம் நடந்ததால், 1715 ஆகஸ்ட் 1 முதல் இங்கிலாந்தில் நடப்புக்கு வந்த சட்டம் அது. 12 பேரோ அதற்கு மேலோ கூடிக் கலகம் செய்தால் மாஜிஸ்திரேட் நேரில் போய் அறிவிப்பைப் படிப்பார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் கலையாமல் நின்றால் மரண தண்டனை. அறிவிப்பு என்னவோ நாலு வரிதான். ஆனால் ஒரு சொல் விடக் கூடாது. கடைசியில் வரும் 'கடவுள் மன்னரைக் காப்பாராக' என்பதைப் படிக்காமல் விட்டதால் வழக்கே நிற்காமல் போனதும் உண்டு. 1819இல் மான்செஸ்டரில், சீர்திருத்தம் கேட்டுக் கூடிய கூட்டத்தின்மேல் குதிரைப்படை பாய்ந்த பீட்டர்லூ படுகொலையின்போது அதை முறையாகப் படித்தார்களா, படித்திருந்தாலும் யார் காதிலாவது விழுந்ததா என்பது இன்னும் தீராத தகராறு.

இதில் அரசரின் கோபம் எங்கே வந்தது? நான் வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு சாலை மறியலில், கலைந்து போகச் சொல்லி மைக்கில் அறிவித்த தாசில்தாருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அவருக்குக் கோபமெல்லாம் இல்லை, நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கொடுத்ததே நான்தான். (நம் சட்டத்துக்கு 5 பேர் போதும். ஒரு மணி நேரம் என்ற தாராளமும் அதில் கிடையாது.)

பெருமழையைக் குறிக்கும் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' (பூனையும் நாயுமாய் மழை) என்ற தொடருக்கு, கூரைமேல் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்த கதையைப் போட்டதும் இதே பகுதிதான். 1999இல் மின்னஞ்சலில் சுற்றிய புரளி அது. அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. குறுக்கெழுத்தில் கட்டமும் குறிப்பும் பொருந்தாதபோதும் எழுதினேன். ராசிபலன் இடம் மாறி அச்சானால் மட்டும் மறுநாளே வருந்துகிறீர்கள். என் ராசிக்கு 'வாக்குவாதம் தவிர்க்கவும்' என்று போட்டிருந்தபடியால் இத்தனை நாள் பொறுத்துத்தான் இதை எழுதுகிறேன்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இந்தப் பகுதியைக் கத்தரித்து நோட்டில் ஒட்டுகிறார்கள். என் பேத்தியின் நோட்டிலும் அந்த அரசர் உட்கார்ந்திருக்கிறார். நான் சொன்னால், பேப்பரிலேயே போட்டிருக்கிறதே தாத்தா என்கிறாள். ஆகவே அதே பகுதியில், அதே எழுத்தளவில், ஆண்டோடு இரண்டு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். சென்ற வாரக் குறுக்கெழுத்துக்கு விடையும் வரவில்லை. மேலிருந்து கீழ் 14 மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
மன்னார்குடி