தம்பிக்கு: அந்தப் பாறை விளிம்பைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

நீ செய்து அனுப்பிய வீடியோ கேம் ஆட்டத்தை மூன்று ராத்திரி ஆடினேன். அம்பாசமுத்திரத்து ஆற்றை அப்படியே கொண்டுவந்திருக்கிறாய். பாசி பிடித்த பாறை, படித்துறை, மழை முடிந்த தண்ணீரின் நிறம், எதுவும் தப்பவில்லை. ஆனால் மூன்றாவது பாறையைத் தாண்டுவதற்குள் நாற்பது தடவைக்கு மேல் விழுந்துவிட்டேன்.

போனில் கேட்டதற்கு, "விளிம்புன்னா விளிம்புதாண்ணே, கால் போயிட்டுன்னா போனதுதான்" என்றாய். கண்டிப்பாக இருந்தால்தான் நேர்மையான ஆட்டம் என்பது உன் கட்சி. அதற்கு செலஸ்ட் என்ற மலையேறும் வீடியோ கேமைச் சாட்சிக்கு இழுத்தாய். செலஸ்ட் உன் பக்கம் பேசாது தம்பி.

2018-இல் வந்த அந்த ஆட்டம் கடினம்தான். மலை ஏறி முடிப்பதற்குள் அதன் நாயகி மேடலின் என் கையில் ஆயிரம் தடவைக்கு மேல் செத்தாள். ஆனாலும் அவள் கால் விளிம்பை விட்ட பிறகும் விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் குதிக்க இடம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். தரையைத் தொடுமுன்பே பட்டனை அழுத்திவிட்டால், அதை ஞாபகம் வைத்து, தொட்டதும் குதிக்க வைக்கும். மேலே ஓரத்தில் தலை இடித்தால் லேசாக ஒதுக்கிவிடும். அப்படியும் முடியாதவர்களுக்கு அசிஸ்ட் மோட் என்ற உதவி வசதியில் ஆட்டத்தின் வேகத்தைப் பாதி வரை குறைத்துக்கொள்ளலாம்.

உன் ஆட்டத்தில் பையன் பாறை நுனிக்கு வருகிறான், அழுத்துகிறேன், குதிக்காமல் நேரே தண்ணீருக்குள் போகிறான். கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் திரையில் சில பிரேம்கள், அதாவது சில படங்கள், ஓடிவிடுகின்றன, அவ்வளவுதான் விஷயம். நான் சரியான நேரத்தில்தான் அழுத்தினேன் என்று என் விரல் சொல்கிறது, இல்லை என்று உன் ஆட்டம் சாதிக்கிறது. ஐந்தாவது தடவை எனக்குக் கோபம்தான் வந்தது.

அடுத்து பஞ்சாயத்துத் தலைவர் ஆட்டம் செய்யப்போகிறாயாமே. அதற்கு முன்னால் பேப்பர்ஸ் ப்ளீஸ் என்ற ஆட்டத்தை முழுசாக ஆடு. "ஆபீஸ் வேலை மாதிரி இருக்குண்ணே" என்று இரண்டாம் நாளிலேயே விட்டுவிட்டாய். லூகாஸ் போப் என்பவர் செய்து 2013-இல் வெளியிட்டது. எல்லைச் சாவடியில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதுதான் நம் வேலை. ஐந்தாம் நாள் ஒருவன் வருவான், காகிதமெல்லாம் சரி. அடுத்து அவன் மனைவி. நுழைவு அனுமதி இல்லை. திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். உள்ளே விட்டால் உடனே எந்திரம் நம் தப்பைச் சொல்லிச் சீட்டு அடித்துத் தள்ளும். ஒரு நாளைக்கு முதல் இரண்டு தப்பு எச்சரிக்கையோடு போகும், மூன்றாவதிலிருந்து சம்பளத்தில் கைவைப்பார்கள். வீட்டிலோ மருந்துக்கும் சோற்றுக்கும் காசு வேண்டும். அந்த இரண்டு சீட்டை யாருக்காகச் செலவழிக்கிறோம் என்பதில்தான் மொத்த ஆட்டமும் இருக்கிறது.

நான் அவளை உள்ளே விட்டேன். அன்றைக்குப் பகலில் எங்கள் இ-சேவை மையத்துக்கு மானூர் பக்கமிருந்து ஓர் ஆச்சி வந்திருந்தார், முதியோர் உதவித்தொகைக்கு. ஆதாரில் பெயர் 'அம்மாள்' என்று முடிகிறது, ரேஷன் கார்டில் 'அம்மா'. திருத்திக்கொண்டு வாங்க ஆச்சி என்று அனுப்பிவிட்டேன். "சரிய்யா" என்று காகிதத்தை ஒவ்வொன்றாக மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். விண்ணப்பத்தைப் பதிந்தாவது பார்த்திருக்கலாம், தள்ளுவதானால் மேலே உள்ளவர்கள் தள்ளட்டும் என்று. எந்திரம் எனக்குச் சீட்டு அடிக்கப்போவதில்லை. அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை, ராத்திரி ஆடும்போதுதான் தோன்றியது.

அதனால் உன் பஞ்சாயத்து ஆட்டத்தில் நிதிக்கு ஒரு அளவுக்கோடு, ஆதரவுக்கு ஒரு அளவுக்கோடு என்று திரையில் ஏற்றி இறக்கிவிட்டு நிறுத்திவிடாதே. ஆள் வந்து மேசைக்கு முன்னால் நிற்கட்டும், கையில் காகிதத்தோடு.

இப்போதைக்குப் பாறை விளிம்பைத் தாண்டிய பிறகும் குதிக்க 0.1 விநாடி இடம் வைத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பக்கத்தில் உட்கார்ந்தே ஆடிப் பார்ப்போம். சித்தியைச் சொதி வைக்கச் சொல்.

அன்புடன்,
அண்ணன்
பேட்டை, திருநெல்வேலி