மடைக்கு மடை பேசும் கணக்கு

ஆசிரியருக்கு,

கிளிநொச்சி மாவட்டத்து முரசுமோட்டையில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் இரண்டு ஏக்கர் வயல் செய்கிறேன். அதற்கு முன் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தேன். வாய்க்கால் கதவுகளுக்குத் தானியங்கிக் கருவி பூட்டலாம் என்று எங்கள் கமக்காரர் கூட்டத்தில் பேச்சு வந்தது. நல்ல விடயம்தான். ஆனால் எல்லாரும் விலையைத்தான் கேட்டார்கள்.

மழை குறைந்த சிறுபோகத்தில் நாங்கள் காலையும் மாலையும்தான் நீர்மட்டம் பார்ப்போம். கீழ் மடைக்காரர் "தண்ணீர் காணாது" என்று போன் எடுத்தால் மேல் மடைக்காரர் தன் கதவை முழுதாகச் சாத்துவார். மாலையில் அவருடைய பயிர் வாடும், முழுதாகத் திறப்பார். அடுத்த நாள் கீழே சண்டை. இருவரும் நல்ல மனிதர்கள்.

இது ஏன் நடக்கிறது என்று பார்க்க, அயல் பிள்ளைகள் பத்துப் பேரை மடைகளாக நினைத்து முற்றத்தில் வட்டமாக இருத்தி, ஆளுக்கொரு தாளில் 0, 10, 0, 10 என்று மாறிமாறி எழுதிக் கொடுத்தேன். மணி அடித்தால் இருபக்கத்தார் எண்ணையும் பார்க்கலாம். தன் எண்ணிலிருந்து அவை எவ்வளவு கூடக்குறைய என்று இரண்டையும் சேர்த்து, அதில் பாதியளவு தன் எண்ணைத் திருத்த வேண்டும். பூச்சியமெல்லாம் பத்தாகின, பத்தெல்லாம் பூச்சியமாகின. அடுத்த மணிக்குப் பழையபடி. எத்தனை தரம் அடித்தும் அடங்கவில்லை. சரி, கால்வாசி திருத்துங்கள் என்றேன். ஒரே மணியில் பத்துப் பேரிடமும் 5!

எல்லாரும் இப்படி ஒரே அளவுக்கு வந்துசேர்வதுதான் ஒருமிப்புக் கட்டுப்பாடு (consensus control). ஒல்ஃபாட்டி-சேபர், மறே என்ற ஆய்வாளர்கள் 2004இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது பெரிய துறையாகிவிட்டது. தலைவர் தேவையில்லை, அயலாரோடு பேசினால் போதும். அயலார் இருவர் என்றால் திருத்தம் பாதியிலும் குறைவாக, மூவர் என்றால் மூன்றிலொன்றிலும் குறைவாக இருக்க வேண்டும். திருத்தும் வேகத்தை மாற்றாமல் ஒரு மணியடிக்கும் அடுத்த மணியடிக்கும் இடையிலான நேரத்தை நீட்டினால், ஒரு தடவைத் திருத்தம் பெருத்து ஆட்டம் தொடங்கும். ஆயிரம் பேர் இருந்தாலும் கால்வாசி கால்வாசிதான், குழம்பாது. வட்டம் இருமடங்கானால் சமநிலைக்கு வர ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் எடுக்கலாம், அவ்வளவுதான். வாய்க்காலில் தண்ணீர் வந்துசேரவும் நேரம் எடுப்பதால் நாங்கள் இன்னும் குறைவாகவே அசைக்க வேண்டும்.

ஆகவே கருவி பூட்டுகிறவர்கள், அது எத்தனை நிமிடத்துக்கு ஒருதரம் பார்க்கும், ஒருதரத்தில் கதவை எவ்வளவு அசைக்கும் என்பதைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர்கள் அடுத்த சிறுபோகத்துக்கு முன் ஒருநாள் வந்தால், மடைமடையாக நடந்து காட்ட நான் ஆயத்தம்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
முரசுமோட்டை.