தயங்காமல் சம்மதம் சொல்லிவிடு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மருமகளுக்குச் சுகப்பிரசவம் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே? இங்கே பாஸ்டனில் குளிர் இன்னும் விட்டபாடில்லை. இவருக்கு முழங்கால் வலி பரவாயில்லை, இப்போது தானாகவே மாடிப்படி ஏறுகிறார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஸ்குவாஷும், அதுதான் நாலு சுவருக்குள் மட்டையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடுகிற ஆட்டம், படிப்பும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள், அதன் ஆலோசனைக் குழுவில் உன்னையும் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். மற்றவர்கள் நாட்டுக்காக ஆடியவர்கள், ஸ்குவாஷ் மட்டையைத் தொட்டே பார்க்காத கணக்கு டீச்சருக்கு அங்கே என்ன வேலை என்றும் கேட்டிருக்கிறாய். உனக்குத்தான் அங்கே பெரிய வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த ஊரில் பார்த்ததையும் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஸ்குவாஷ் வசதியானவர்களின் ஆட்டமாகத்தான் வளர்ந்தது. நாட்டின் முதல் கோர்ட்டுகள் 1884-இல் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள செயின்ட் பால்ஸ் என்ற தனியார் உறைவிடப் பள்ளியில் கட்டப்பட்டவை. அப்புறம் பணக்காரர்களின் கிளப்புகளுக்கும் ஹார்வர்டு, யேல் போன்ற பல்கலைக்கழகங்களுக்கும் போயிற்று. நன்றாக ஆடத் தெரிந்த பிள்ளைக்குப் பெரிய கல்லூரிகளின் கதவு கொஞ்சம் சுலபமாகத் திறக்கும். அந்தக் கதவு யாருக்குத் திறந்தது என்பதுதான் கேள்வி.

1996-இல் கிரெக் ஜாஃப் என்பவர் இதே பாஸ்டனில் ஸ்குவாஷ்பஸ்டர்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர் தொழில்முறையில் ஆடியவர். கோப்பை ஜெயிக்கும் பிள்ளைகளைத் தேடி அவர் போகவில்லை. நகரத்து அரசுப் பள்ளிகளில் படிக்கும், கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்த்தார். பள்ளி விட்டதும் வருவார்கள். கொஞ்ச நேரம் கோர்ட், கொஞ்ச நேரம் வீட்டுப்பாடம். நடுநிலைப் பள்ளியில் சேருகிற பிள்ளையைக் கல்லூரி வரை விடாமல் கூட்டிப்போவதுதான் ஏற்பாடு. 2003-இல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பாஸ்டனின் ராக்ஸ்பரி பகுதியில் எட்டு கோர்ட்டும் வகுப்பறைகளும் உள்ள கட்டடமே எழுப்பிவிட்டார்கள். இதே வழியில் நியூயார்க்கின் ஹார்லெமில் ஸ்ட்ரீட்ஸ்குவாஷ், பிலடெல்பியாவில் ஸ்குவாஷ்ஸ்மார்ட்ஸ், சான் டியாகோவில் ஆக்செஸ் யூத் அகாடமி என்று பல ஊர்களில் வந்துவிட்டன. அந்த சான் டியாகோ அகாடமியில் ஆடி வளர்ந்த ரெய்னா பாச்சேகோ சின்ன வயதில் மெக்சிகோவிலிருந்து வந்த பெண். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்கும் போனாள்.

இப்படி ஒரு மையத்தில் நான் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கப் போய்க்கொண்டிருக்கிறேன். கோர்ட்டில் முதலில் என் கண்ணில் பட்டது பந்துதான். எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய கறுப்பு ரப்பர் பந்து. சும்மா கீழே போட்டால் எழும்பவே எழும்பாது. சுவரில் மாற்றி மாற்றி அடித்து, அது சூடானால்தான் துள்ளும். புதிதாக வருகிற பிள்ளைக்கு அதைச் சூடாக்கத் தெம்பு இருக்காது, ஆசையும் விட்டுப்போகும். அதனால் முதலில் நன்றாக எழும்புகிற, பெரிய பந்தைக் கொடுக்கிறார்கள். இதெல்லாம் ஆடினவர்களுக்குத்தான் தெரியும்; உங்கள் குழுவில் அவர்கள் இருப்பது அதற்குத்தான்.

ஒரு நாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆடுவதைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முன்மூலையில் விழுந்த பந்தை ஓடிப்போய் எடுத்தாள். எதிராளியும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அவளே கையைத் தூக்கி, இரண்டு தடவை தரையில் பட்டுவிட்டது என்று சொல்லிப் பாயிண்டை விட்டுக்கொடுத்தாள். அரை மணி நேரம் கழித்து அதே பெண் என் முன்னால் உட்கார்ந்து, அடைப்புக்குறியை நீக்கும்போது கழித்தல் குறியை மாற்ற மறந்து, விடை வரவில்லையே என்று அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். கோர்ட்டில் அவளைப் பார்க்கிற கோச்சுக்கு இந்த அழுகை தெரியாது. அவள் பள்ளி டீச்சருக்கு அந்த நேர்மை தெரியாது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பேச ஒரு ஆள் வேண்டும் செல்வி, அந்த ஆள் நீதான்.

சத்தீந்தர் பாஜ்வாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். பாகிஸ்தானின் உலக சாம்பியன் ஜான்ஷெர் கானோடு வேலை செய்தவர், ஹார்வர்டு அணியின் கோச்சாக இருந்தவர். அவ்வளவு பெரிய இடத்தைப் பார்த்தவர் சண்டிகரில் கேல்சாலா என்று ஒரு அமைப்பைத் தொடங்கி, வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஸ்குவாஷும் படிப்பும் சொல்லிக்கொடுக்கிறார். உங்கள் ஊருக்கும் இந்த ஆட்டம் புதிதில்லை. ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பல்லிக்கலும் சென்னையில் ஆடி வளர்ந்து 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த்தில் இரட்டையர் தங்கம் வாங்கினார்களே. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் ஸ்குவாஷ் வருகிறது. பிள்ளைகளைச் சேர்க்க இனி ஆள் தேட வேண்டியிருக்காது. சேர்ந்தவர்களை நிறுத்திவைப்பதுதான் பாடு.

அங்கேதான் முப்பது வருஷம் வகுப்பெடுத்தவளின் அனுபவம் வேண்டும். பொதுத்தேர்வு மாதத்தில் பயிற்சி நேரத்தை எப்படிக் குறைப்பது, இருட்டினபிறகு பெண் பிள்ளைகள் எப்படி வீடு போவார்கள், விளையாட்டால் மார்க் போகிறது என்று வரும் அப்பாவிடம் என்ன பேசுவது, இதையெல்லாம் முதல் கூட்டத்திலேயே எழுப்பு. பேர் பெற்ற ஆட்டக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனால் போதாது, மாதம் ஒரு மாலையாவது பிள்ளைகளோடு கோர்ட்டில் நிற்க வேண்டும் என்றும் கேள். நல்லவர்களாக இருந்தால் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள். இன்னொன்று, சரியாக ஆட வராத பிள்ளையை வெளியே அனுப்பக் கூடாது என்பதை எழுதியே வாங்கிவிடு. ஆட்டத்தை வைத்து மட்டும் வடிகட்ட ஆரம்பித்தால் அது ஆட்டக்காரர்களை மட்டும் உருவாக்குகிற இன்னொரு பயிற்சிக்கூடமாகிவிடும். அதற்கு உன் உதவி தேவையில்லை.

இங்கே வீட்டுப்பாட நேரத்தில் பயன்படுத்துகிற கணக்குத் தாள்கள் கொஞ்சம் என்னிடம் இருக்கின்றன. வேண்டுமென்றால் சொல், மகளிடம் கொடுத்து ஸ்கேன் பண்ணி அனுப்புகிறேன். கூட்டம் என்றைக்கு என்று எழுது. பேத்தி போட்டோவும் அனுப்பு. அத்தானுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
மீனா